பனிக்கடலில் கப்பல்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலை மரக்காணத்தில் கடற்கரையை அடைகிறது. ஊரை நெருங்கும்போதே உப்பளங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். வரப்புக் கட்டிய பாத்திகளில் உவர்நீர் தேங்கி நிற்கும். அதன்மேல் வெயில் காய, நீர் மெல்ல மெல்ல ஆவியாகிப் போகும். உப்பு அடியில் வெள்ளை வெளேரென்று பூக்கும். தொழிலாளர் நீண்ட கோல் பொருத்திய பலகையால் அதனை வாரிக் கரையில் குவிப்பர். தொலைவிலிருந்து காண்போர்க்கு அக்குவியல்கள் பனி மூடிய சிறு குன்றுகளைப் போலத் தோன்றும். நெருங்கிச் சென்றால்தான் அங்கே காலைச் சுடும் மண்ணும் நாவை வறட்டும் வெயிலும் இருப்பது புலப்படும்.

கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் வேலையை மரக்காணத்தில் கதிரவனின் வெம்மை செய்கிறது. நிலவுலகின் இரு முனைகளிலும் அதே வேலையைக் குளிர் செய்கிறது. முறைதான் வேறு. இங்கே நீர் நீங்குகிறது, உப்பு எஞ்சுகிறது. அங்கே நீர் பனிக்கட்டியாக உறைந்து மேலே மிதக்கிறது. உப்பில் பெரும்பகுதி கீழே உள்ள கடலிலேயே தங்கிவிடுகிறது. இவ்வாறு மைல் கணக்கில் உறைந்து கிடக்கும் கடலினூடே மனிதர் கப்பல் செலுத்தி வருகின்றனர். இந்தியரும் செலுத்தியுள்ளனர்.

1981ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் கோவாவிலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்னும் நார்வே நாட்டுக் கப்பல் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அதில் கடலியல் அறிஞர் சையது ஜகூர் காசிம் அவர்களின் தலைமையில் இந்தியர் 21 பேர் இருந்தனர். வெப்ப நாட்டிலே பிறந்து வளர்ந்த அவர்கள் இந்துமாக்கடலின் தென்கோடி வரை சென்று, பனியைப் பிளந்து வழி கண்டு, 1982ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அன்டார்க்டிக்காவில் கால் வைத்தனர். இந்திய நாட்டின் முதல் தென்முனை ஆய்வுப் பயணம் அதுவே.

அவர்கள் டிசம்பரில் புறப்பட்டது ஏன்? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புல்நுனியில் பனி அரும்பி நிற்கும் மாதம் தென்முனைக்குக் கோடைக்காலம். அக்காலத்தில் அங்கே கதிரவன் பல நாள் மறைவதே இல்லை. குளிர்காலத்தின் இறுதியாகிய செப்டம்பரில் அன்டார்க்டிக்காவைச் சுற்றி ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல் உறைந்து கிடக்கும். ஐந்து இந்தியாக்களை அதன்மேல் பரப்பினாலும் இடம் மிஞ்சும். கோடையின் முடிவாகிய பிப்ரவரியில் அது 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். ஆண்டுதோறும் விரிந்து சுருங்கும் இப்பரப்பின் இடுக்கிலேதான் கப்பலுக்கு வழி உண்டு. அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டவர் கரை சேர்வது அரிது. கரை சேர்ந்தபின் காலந்தாழ்த்தியவர் மீள்வது அதனினும் அரிது.

முன்பனி, பின்பனி என்று ஆண்டின் பருவங்களையே வகுத்த தமிழர்க்குப் பனி என்பது விடியலில் விழுந்து வெயிலேறினால் மறைவது. அந்த ஒரு சொல்லைக் கொண்டே துருவத்தின் பனியையும் குறிக்க வேண்டியிருப்பதால், அங்குள்ள பனி யாவும் ஒன்றே என்று எண்ணும்படி நேர்கிறது. மாலுமிக்கு அவ்வெண்ணம் உயிரைக் கெடுக்கும் பிழை. கடலில் பிறந்த பனி வேறு. நிலத்தில் பிறந்து கடலுக்கு வந்த பனி வேறு. கடலில் பிறந்ததைக் கடற்பனி எனலாம். நிலத்தில் பிறந்து மெல்ல நகர்ந்து வருவது பனியாறு. அப்பனியாறு கடலில் உடைந்து மிதப்பது பனிப்பாறை.

கடற்பனி பிறக்கும் வகை காணத்தக்கது. நன்னீர் சுழி டிகிரியில் உறையும். உப்புள்ள கடல்நீர் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 1.8 டிகிரி செல்சியஸ் அளவு குளிர்ந்த பின்னரே உறையும். அப்போது முதலில் நீரில் ஊசி போன்ற நுண்ணிய பளிங்குகள் தோன்றுகின்றன. அவை கூடிக் கடலின்மேல் எண்ணெய் படர்ந்தாற்போன்ற மங்கிய படலமாகின்றன. அலை அசைக்க அசைக்க அப்படலம் வட்ட வட்டத் துண்டுகளாகப் பிரிகிறது. ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருப்பதால் அவற்றின் ஓரம் சற்று உயர்ந்துவிடும். சட்டியில் வார்த்து எடுத்த ஆப்பங்களைக் கடல் நெடுகப் பரப்பி வைத்தது போன்ற அக்காட்சியைக் கண்டு, மேல்நாட்டு மாலுமிகளும் தம் நாட்டு அப்பத்தின் பெயரையே அதற்கு இட்டுள்ளனர். பின்பு அவ்வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்து பாளமாகின்றன. ஓராண்டில் அப்பாளம் ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை தடிக்கும். கோடையில் உருகாமல் பல ஆண்டு நிலைத்தால் மூன்று நான்கு மீட்டரும் ஆகும்.

உறையும்போது உப்பு முழுவதும் உடனே நீங்கிவிடுவதில்லை. புதிய கடற்பனியின் உள்ளே சிறு சிறு கண்ணறைகளில் உவர்நீர் சிறைப்பட்டு இருக்கும். நாளடைவில் அது வடிந்து கடலில் இறங்கும். ஆகவே புதுப்பனி உவர்க்கும். பல்லாண்டுப் பழம்பனியோ உருக்கிக் குடிக்கும் அளவுக்கு உவர்ப்பு நீங்கியிருக்கும். வடிந்த உவர்நீர் செறிவு மிக்கது, குளிர்ந்தது, ஆதலால் கனமானது. அது கடலின் அடிக்குச் சென்று வடக்கு நோக்கிப் பரவுகிறது. இந்துமாக்கடலின் ஆழத்திலும் தென்முனைக் குளிர்நீர் உண்டு என்பர் கடலியலார்.

பனிப்பாளத்தை உடைத்துச் செல்லும் கப்பல், கத்தி போல அதனை அறுத்துச் செல்வதாகவே பலரும் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. அத்தகைய கப்பலின் முகப்பு கூர்மையாக இராது. படகின் அடியைப் போலச் சரிந்து வளைந்திருக்கும். முன்னேறும் கப்பல் பாளத்தின்மேல் ஏறிவிடும். ஏறியவுடன் அதன் பெருஞ்சுமையைத் தாங்காமல் பாளம் முறியும். முறிந்த துண்டுகளை ஒதுக்கிக்கொண்டு கப்பல் மீண்டும் ஏறும். உடைப்பது கூர்மையன்று, எடையே. பாளம் மிகத் தடிப்பாக இருந்தால் கப்பல் பின்வாங்கி, விரைந்து வந்து, மறுபடி முயல வேண்டும். காற்று திசை மாறினால் பிரிந்த பாளங்கள் மீண்டும் நெருங்கிக் கப்பலை இரு பக்கமும் பிடித்துக்கொள்வதும் உண்டு.

அவ்வாறு பிடிபட்ட கப்பல்களுள் புகழ்பெற்றது ஷாக்கிள்டன் என்பாரின் ‘என்டியூரன்ஸ்’. 1915ஆம் ஆண்டு ஜனவரியில் வெட்டல் கடலில் அக்கப்பல் பனியில் சிக்கியது. மரத்தால் ஆகிய அதன் உடலைப் பத்து மாதம் பனி நெருக்கியது. பலகைகள் முறிந்தன, நீர் புகுந்தது. அவ்வாண்டு நவம்பரில் கப்பல் மூழ்கிற்று. அதிலிருந்த 28 பேரும் பனிப்பாளத்தின்மேல் கூடாரம் அடித்து வாழ்ந்து, பின்பு சிறு படகுகளில் ஏறி, முடிவில் ஒருவரும் இறவாமல் தப்பியது கடற்பயண வரலாற்றிலே வியத்தற்குரியது. மூழ்கிய அக்கப்பல் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 3,000 மீட்டர் ஆழத்தில் பெரும்பாலும் சிதையாமல் கண்டுபிடிக்கப்பட்டது. குளிர்ந்த அக்கடலில் மரத்தை அரிக்கும் புழுக்கள் இல்லாமையே அதற்குக் காரணம். ஆட்களை வாட்டிய குளிர் மரத்தைக் காத்தது.

மரக்கப்பற் காலத்தோடு அவ்வின்னல் தீர்ந்துவிடவில்லை. 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், குளிர்கால இருள் சூழ்ந்த வேளையில், ‘மக்தலேனா ஓல்டென்டார்ப்’ என்னும் இரும்புக் கப்பல் அன்டார்க்டிக்கப் பனியில் அகப்பட்டது. அதில் ருஷ்ய அறிவியலாரும் மாலுமிகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். தென்னாப்பிரிக்காவிலிருந்து ‘அகுல்ஹாஸ்’ என்னும் கப்பல் விரைந்து சென்றது. அதிலிருந்து புறப்பட்ட ஹெலிகாப்டர்கள் பெரும்பாலோரை மீட்டு வந்தன. எஞ்சிய சில மாலுமிகள் கப்பலைக் காத்துக்கொண்டு அங்கேயே குளிர்காலத்தைக் கழித்தனர்.

இனி, நிலத்தில் பிறந்த பனியைக் காணலாம். பெய்த வெண்பனி உருகாமல் ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகச் சேரும். மேலடுக்கின் சுமையால் கீழடுக்கு நசுங்கி, இடையிலுள்ள காற்று வெளியேறிக் கெட்டிப் பனியாகும். வெண்மை மாறி நீலம் பாரிக்கும். ஒளியின் செந்நிறக் கூற்றை அது உண்டுவிடுவதால் நீலம் மட்டும் கண்ணுக்கு வருகிறது. இவ்வளவு கெட்டியான பொருள் ஓடுமா என்று ஐயுறலாம். ஓடும். தன் எடையே தன்னைத் தள்ள, மலைச்சரிவில் நாளுக்குச் சில அங்குலமோ சில அடியோ நகரும். சில பனியாறுகள் இன்னும் விரைந்து நகர்வதும் உண்டு. செஞ்சியாறும் பெண்ணையாறும் மழைக்காலத்தில் நீரைக் கடலுக்குக் கொண்டு செல்வது போல அது பனியைக் கடலுக்குக் கொண்டு செல்கிறது. பெண்ணையாற்று வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். பனியாற்றின் மேற்பகுதியில் இன்று விழும் பனி கடலைக் காண நூற்றாண்டுகளும் ஆயிரமாண்டுகளும் செல்லும்.

அன்டார்க்டிக்காவின் கரையில் இப்பனி நிலத்தோடு நின்றுவிடாமல் கடல்மேலும் பெருந்தட்டாக நீண்டு மிதக்கிறது. அதனைப் பனித்தட்டு என்பர். அதன் விளிம்பு நீருக்குமேல் மதிற்சுவர் போலச் செங்குத்தாக நிற்கும். கப்பல்கள் அச்சுவரை ஒட்டி நின்று பொருள்களை இறக்குவதும் உண்டு. 1983-84இல் சென்ற மூன்றாம் பயணத்தார் அத்தகைய தட்டின்மேல் ‘தட்சிண கங்கோத்ரி’ என்னும் நிலையத்தை அமைத்தனர். இந்தியர் 12 பேர் 1984இன் நீண்ட குளிர்கால இரவை முதன்முதலாக அங்கே கழித்தனர். ஆனால் பனி அந்நிலையத்தை விட்டுவைக்கவில்லை. ஆண்டுதோறும் பெய்த பனி கூரையளவும் ஏறி, கூரையையும் மூடியது. ஏணி வழியே உள்ளே இறங்க வேண்டிய நிலை வந்தது. 1990ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. பட்டறிவு பெற்ற இந்தியர் அடுத்த நிலையமாகிய ‘மைத்ரி’யைப் பாறை நிலத்தின்மேல் அமைத்தனர். 2012இல் திறக்கப்பட்ட ‘பாரதி’யும் பாறை மேலதே.

பனித்தட்டும் பனியாறும் கடலில் உடையும்போது பனிப்பாறைகள் பிறக்கின்றன. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ராஸ் பனித்தட்டிலிருந்து உடைந்த ஒரு பாறை ஏறத்தாழ 295 கிலோமீட்டர் நீளமும் 37 கிலோமீட்டர் அகலமும் உடையது. அதன் பரப்பு சுமார் 11,000 சதுர கிலோமீட்டர். விழுப்புரமும் கடலூரும் கள்ளக்குறிச்சியும் ஒன்றாக இருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பரப்பும் ஏறக்குறைய அதுவே. ஒரு மாவட்டமே பெயர்ந்து கடலில் மிதந்தது என்று கொள்க.

பாறை எத்துணைப் பெரிதாயினும் அதில் பத்தில் ஒரு பங்களவே நீருக்குமேல் தெரியும். ஒரு கன சென்டிமீட்டர் பனியின் எடை 0.917 கிராம், அதே அளவு கடல்நீரின் எடை ஏறத்தாழ 1.025 கிராம். இச்சிறு வேறுபாடே பாறையை மிதக்கச் செய்கிறது. பெரும்பகுதியை மறைத்தும் வைக்கிறது. அடிப்பகுதி உருகி எடை மாறினால், நெடுநாள் அசையாது நின்ற பாறை திடீரெனத் தலைகீழாகப் புரளும். ஆகையால் அறிந்த மாலுமி அதன் அழகைத் தொலைவில் நின்றே காண்பான்.

அப்பாறை நிலப்பனியாதலால் அது நன்னீர். 1773ஆம் ஆண்டு ஜனவரியில் தென்முனை வட்டத்தை முதன்முதலாகக் கடந்த ஜேம்ஸ் குக் என்னும் ஆங்கில மாலுமி, நடுக்கடலில் மிதந்த பனித்துண்டுகளைக் கப்பலில் ஏற்றி உருக்கிக் குடிநீர் நிரப்பிக்கொண்டார். உவர்க்கடலின் நடுவே அவருக்குக் கிடைத்த ஊருணி அது.

1912ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘டைட்டானிக்’ கப்பல் வட அட்லாண்டிக்கில் பனிப்பாறையில் மோதி மூழ்க, 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாக 1914 முதல் அக்கடலில் பனிப்பாறைகளைக் கண்காணித்து எச்சரிக்கும் காவல் நடைபெற்று வருகிறது. மலை போன்ற பாறையை இன்று ராடார் தொலைவிலேயே காட்டிவிடும். ஆனால் வீடளவும் வண்டியளவும் உள்ள சிறு துண்டுகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே மட்டும் தலைகாட்டி, அலைகளிடையே ராடாருக்கும் தப்பி மிதக்கும். இன்றைய மாலுமி பெரிதினும் சிறிதுக்கே அஞ்சுகிறான்.

ஆய்வாளர் மட்டுமன்றி, காண விரும்பும் பயணிகளும் இக்கடலுக்கு இப்போது செல்கின்றனர். 1966இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் பயணிகளை அன்டார்க்டிக்காவுக்கு அழைத்துச் சென்றார். அவருக்கென 1969இல் கட்டப்பட்ட ‘எக்ஸ்புளோரர்’ என்னும் கப்பலே இவ்வகைப் பயணத்துக்கு வழிகாட்டியது. 2023-24ஆம் ஆண்டின் பருவத்தில் அங்குச் சென்றோர் ஒரு லட்சத்துக்கும் அதிகம். பெரும்பாலோர் தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள உசுவாயா துறைமுகத்தில் கப்பலேறுகின்றனர். இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். அலையின் சீற்றத்துக்குப் பெயர் போன கடல் அது. பயணிகளுள் பலர் அவ்விரண்டு நாளும் படுக்கையை விட்டு எழுவதில்லை. அதன்பின் பெருங்கப்பல் நங்கூரமிட, பயணிகள் காற்றடைத்த ரப்பர்ப் படகுகளில் கரைக்குச் செல்கின்றனர்.

கரை ஏறுவதற்கும் முறை உண்டு. 1991இல் தொடங்கப்பட்ட பயண நிறுவனங்களின் சங்கம் வகுத்த விதிப்படி, ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்குமேல் இறங்கலாகாது. 500 பேருக்கு மேற்பட்ட பயணிகளைக் கொண்ட கப்பல் ஒருவரையும் இறக்கலாகாது. அயல்நாட்டு விதையொன்று மண்ணோடு ஒட்டி வந்துவிடாதபடி காலணிகளைக் கழுவ வேண்டும். பெங்குவின் பறவையிடமிருந்து ஐந்து மீட்டர் விலகி நிற்க வேண்டும். பெங்குவின் அவ்விதியை அறியாது. அதுவே நெருங்கி வந்து நின்று மனிதரை நோக்குவதுண்டு.

இத்துணை ஏற்பாடுகளுக்கிடையிலும் இடர் இல்லாமல் இல்லை. அவ்வழிகாட்டிக் கப்பலாகிய ‘எக்ஸ்புளோரரே’ 2007ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அன்டார்க்டிக்காவை அடுத்த தென் ஷெட்லண்டுத் தீவுகளின் அருகே பனியில் மோதி ஓட்டையுற்றது. 154 பேர் உயிர்காக்கும் படகுகளில் இறங்கிக் குளிரில் பல மணி நேரம் காத்திருந்தனர். அருகில் வந்துகொண்டிருந்த ‘நார்ட்நார்ஜ்’ என்னும் கப்பல் எல்லோரையும் மீட்டது. அன்று கடல் ஓரளவு அமைதியாக இருந்தது. டிரேக் நீரிணையின் வழக்கமான கடலாக இருந்திருப்பின் முடிவு வேறாகியிருக்கும். 2017 முதல் துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களின் கட்டமைப்புக்கும் மாலுமிகளின் பயிற்சிக்கும் தனி விதிகள் உலக அளவில் நடைமுறைக்கு வந்துள்ளன.

வடமுனையை நோக்கியும் இத்தகைய கப்பல்கள் செல்கின்றன. நார்வேக்கு உரிய ஸ்வால்பார்டு தீவுகளில் நி-ஆலசுண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. வடமுனையிலிருந்து அது ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கோடையில் பயணிகள் அங்கு இறங்கி, பனியாறுகள் கடலில் இடிந்து விழும் காட்சியைக் காண்கின்றனர். ஊரை நெருங்கும்போது செல்பேசியின் கம்பியில்லா இணைப்புகளை அணைத்துவிடுமாறு அவர்களுக்குக் கட்டளையிடப்படுகிறது. அங்குள்ள நுண்கருவிகள் அவற்றால் குழம்பிவிடும். அவ்வூரில் ‘ஹிமாத்ரி’ என்னும் இந்திய ஆய்வு நிலையம் 2008இல் திறக்கப்பட்டது. அதனை அடுத்த கடற்கழியில், 200 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில், 2014ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியர் கருவிகள் பொருந்திய கூண்டொன்றை இறக்கினர். கடலின் வெப்பத்தையும் உவர்ப்பையும் நீரோட்டத்தையும் அது அளந்தது. அதனை உருவாக்கியதில் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. தமிழ்நாட்டில் செய்த கருவி, பனியாறு கலக்கும் நீரின் உவர்ப்பைச் சோதித்தது.

அங்குள்ள உவர்ப்பும் வெப்பமும் இங்குள்ளோர்க்கு எதற்கு என்னும் வினாவுக்கு விடை ஒரு குவளையில் கிடைக்கும். குவளையில் பனிக்கட்டி ஒன்றை மிதக்கவிட்டு, விளிம்புவரை நீர் ஊற்றி வைத்தால், கட்டி முழுவதும் உருகிய பின்னும் நீர் வழிவதில்லை. மிதக்கும்போதே அது தன் எடைக்கு ஈடான நீரை ஒதுக்கிவிட்டது. கடற்பனி உருகுவதால் கடல்மட்டம் உயராதிருப்பதும் இதனாலேயே. ஆயின், வெளியே தட்டில் வைத்திருந்த கட்டியை நிறைந்த குவளையில் போட்டால் நீர் வழியும். நிலத்துப் பனி கடலில் சேர்வது அத்தகையது. கிரீன்லாந்தின் பனி முழுதும் உருகினால் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும் என்றும், அன்டார்க்டிக்காவின் பனி முழுதும் உருகினால் 58 மீட்டர் உயரும் என்றும் கணக்கிட்டுள்ளனர். அது விரைவில் நிகழ்வதன்று. ஆனால் நிகழத் தொடங்கிய பகுதி அளக்கப்பட்டுள்ளது. 1901 முதல் 2018 வரை உலகின் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. நீர் வெப்பத்தால் விரிந்தது ஒரு பங்கு. நிலப்பனி உருகி வந்து சேர்ந்தது மற்றொரு பங்கு.

இருபது சென்டிமீட்டர் என்பது ஒரு சாண் அளவு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் அது ஒன்றும் பெரிதன்று. அவை கடலிலிருந்து விலகி மேட்டில் இருப்பவை. மரக்காணத்தின் நிலையோ வேறு. அங்கே கழுவெளி ஏரியின் நீர் எடையன்திட்டு முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. ஏற்றத்தின்போது கடலும் உள்ளே வருகிறது. சுற்றிலும் சமனான தாழ்நிலம். உப்புப் பாத்திகளின் மண்வரப்புகளும் பல இடங்களில் ஒரு சாண் உயரமே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தொழிலாளர் அவ்வரப்புகளை மிதித்துக் கெட்டிப்படுத்தி, தை மாதத்தில் மீண்டும் உவர்நீரைப் பாய்ச்சுகின்றனர்.